துப்பறிவாளருக்கு நாய் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகர், "கிராமத்தில் ஒரு கொலை, துப்பறிய ஒரு தனியார் துப்பறிவாளர், கூடவே அவருடைய நாய். இப்படி ஒரு தொடர்கதை எழுதினால் எடுபடுமா?" என்று கேட்டிருந்தார். எடுபடும், எழுதுங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி நாயைப் பற்றித்தான். கதை எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள், பேப்பரில் மோப்ப நாய்ச் செய்தி பார்த்துக் கடுப்பானவர்கள், உண்மையிலேயே ஒரு சாவைப் பற்றிச் சந்தேகத்தில் இருப்பவர் ஒருவர் என்று எல்லாரும் எழுதியிருப்பதால், மற்ற கேள்விகளை ஓரம் கட்டிவிட்டு இந்த முறை இதற்கே இடம். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் போடவில்லை. கொலை விஷயம் பாருங்கள்.

என் கதையில் கொலை நடந்த அன்றே துப்பறிவாளர் நாயோடு வந்து இறங்குகிறார். பிணத்தைப் பார்த்துவிட்டு நாயை அவிழ்த்து விடுகிறார். சரியாக இருக்குமா? – வாசகர், கம்பம்

வந்து இறங்கலாம். ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம், டீக்கடைக்காரருக்குப் பக்கத்தில்தான் நிற்பார்.

நம் ஊரில் அந்தக் காலைப்பொழுது எப்படிப் போகும் என்று யோசியுங்கள். ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் பார்த்துவிட்டு ஓடி வருகிறார், பத்து நிமிடத்தில் பாதி ஊர் அங்கே நிற்கிறது, யாரோ விஏஓவுக்குப் போன் போடுகிறார், அவர் தலையாரியைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்கிறார். எல்லையில் சந்தேகத்துக்கு இடமான சாவு நடந்தால் தகவல் கொடுப்பது கிராம அலுவலரின் சட்டக் கடமை, அதனால்தான் 'கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின் பேரில்' என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. அப்புறம் இன்ஸ்பெக்டர், போட்டோ எடுப்பவர், கைரேகைக்காரர், தடய அறிவியல் ஆட்கள், மோப்ப நாய். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்தே ஆக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் தயாராக 5 ஆண்டு அவகாசமும் கொடுத்திருக்கிறது. பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை முடிந்ததும் உடல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். இத்தனை பேருக்கு நடுவில் நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே நுழைந்தால், "சார் நீங்க யாரு?" என்று ஏட்டு கேட்பார். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

நானாக இருந்தால் அவரைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் இறக்குவேன். சொந்தக்காரர்கள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள், போலீஸ் வருவது குறைந்திருக்கும், "அன்னைக்கு அவங்க கேட்டப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன்" என்று பேச்சை ஆரம்பிக்க ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். செத்தவரின் மச்சினன் கைக்காசைப் போட்டுத் துப்பறிவாளரை வரவழைக்கிறான் என்றால் நம்பும்படி இருக்கிறது. ஆனால் பதினாறு நாள் கழித்து நாய் யார் பின்னாலும் மோப்பம் பிடித்து ஓடாது. அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அது என்ன வேலை என்று கீழே சொல்கிறேன்.

'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' நானும் சின்ன வயதிலிருந்து இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாயாவது யாரையாவது பிடித்திருக்கிறதா? – வாசகர், பட்டுக்கோட்டை

இந்த வரியை வேண்டுமானால் எல்லாப் பத்திரிகை ஆபீஸிலும் அச்சுக் கோத்தே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் நாயைக் குறை சொல்லாதீர்கள்.

நாய் பின்தொடர்வது நம் உடம்பிலிருந்து ஓயாமல் உதிரும் தோல் துணுக்கையும் வியர்வையையும், காலடியில் நசுங்கிய புல்லின் வாசனையையும். மனிதனுக்கு மோப்ப உணர்வு செல்கள் சுமார் 60 லட்சம் என்றால் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 20 கோடிக்கு மேல். மூக்கில் குறை கிடையாது. குறை தடத்தில் இருக்கிறது. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் வாசனை தரையோடு தங்கும். பனி விழுந்த வரப்பு நாய்க்கு நல்ல தடம். சித்திரை வெயிலில் மத்தியானம் 12 மணித் தார்ச்சாலையில் என்ன மிஞ்சும்? மாவட்டத் தலைநகரிலிருந்து வண்டியில் ஏற்றி நாயைக் கொண்டுவருவதற்குள், பிணத்தைச் சுற்றி இருநூறு பேர் நடந்திருப்பார்கள். செத்தவரின் செருப்பையோ கொலைகாரன் விட்டுப்போன துண்டையோ பத்துப் பேர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் சார்" என்று நாயிடம் நீட்டினால் அது பத்துப் பேரைத் தேட வேண்டியதுதான்.

அப்படியிருந்தும் நாய் சிறிது தூரம் ஓடியது இல்லையா? எங்கே நின்றது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் ஒரு சாலையோரம், ஒரு பாலம், பம்ப்செட் பக்கத்தில் ஒரு வண்டிப்பாதை. வாசனை அங்கே அறுந்தது என்றால் அவன் அங்கே வண்டி ஏறியிருக்கிறான். அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது, அந்த நேரத்தில் எந்த செல்போன் டவரில் யார் இருந்தார்கள், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனவர் யார் என்று போலீஸ் அங்கிருந்து பிடித்துக்கொண்டு போவார்கள். 'நின்றுவிட்டது' என்று சலித்துக்கொண்டு நாம் தாண்டிப் போகிற வரிதான் பல வழக்குகளில் முதல் துப்பு. கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் அத்தியாயம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மிளகாய்ப்பொடி தூவிவிட்டால் நாயால் கண்டுபிடிக்க முடியாதாமே? – வாசகி, மேலூர்

தும்மும், தலையை உதறும், அந்த இடத்தை விட்டு விலகும். நாயைப் பிடித்திருப்பவர் விவரமானவராக இருந்தால் பொடி கிடக்கிற இடத்தைச் சுற்றி வட்டமாக நடத்திப் பார்ப்பார், வெளியே தடம் இருந்தால் அங்கே பிடித்துக்கொள்ளும். பொடியே ஒரு தடயம் என்பதையும் மறக்காதீர்கள். குடிபோதையில் ஆத்திரத்தில் வெட்டியவன் மடியில் மிளகாய்ப்பொடி இருக்காது. திட்டம் போட்டு வந்தவனிடம்தான் இருக்கும். அது வீட்டில் அரைத்ததா, கடைப் பாக்கெட்டா என்பது அடுத்த கேள்வி.

துப்பறிவாளரின் நாய் சிப்பிப்பாறை என்று வைத்திருக்கிறேன். மண்ணின் நாயாக இருக்கட்டும் என்று. – வாசகர், சாத்தூர்

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் பிறவியிலேயே கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால், வெட்டவெளியில் முயல் தெரிந்தால் அம்பாகப் பாயும். (முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், உங்கள் துப்பறிவாளரை அதில் மாட்டி வைத்துவிடாதீர்கள்.) தரையில் மூக்கை வைத்துப் பொறுமையாக ஒரு மணி நேரம் போவது அவற்றின் சுபாவம் இல்லை. பழக்கினால் பழகும், நாய் என்று பிறந்த எதற்கும் நம்மைவிட மூக்கு அதிகம். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர் போனவை. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள்.

போலீஸில் அதிகம் பார்ப்பது டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், இப்போது பெல்ஜியன் மலினாய். என் யோசனை, துப்பறிவாளரை மோப்ப நாய்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று வைத்து, கூடவே ஓய்வு பெற்ற ஒரு கிழட்டு லாப்ரடாரைக் கொடுங்கள். இரண்டு பேருக்கும் மூட்டு வலி. வேகமாக ஓட முடியாதது கதைக்கு நல்லது.

சிப்பிப்பாறைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதை ஊர்க்காரர் ஒருவரின் நாயாக்குங்கள். ராத்திரி தூரத்தில் அசைந்த உருவத்தைப் பார்த்தது அந்த நாய்தான், ஆனால் அது யார் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

நாய்க்கு டைகர், ஜிம்மி, மணி தவிர வேறு நல்ல பெயர் சொல்லுங்களேன். – வாசகி, திருக்கோவிலூர்

கோவிவன்.

நான் வைத்த பெயர் இல்லை. உங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும் சண்டையில் மாண்டதற்கு எடுத்த கல். அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். திருட்டு, கொலை, எஜமானன் பிணத்தை விட்டு நகராத நாய், எத்தனை பேரைக் கடித்தது என்ற கணக்கு உட்பட எல்லாம் அந்தச் சில வரியில் இருக்கிறது. ஏறக்குறைய 1,400 வருடத்துக்கு முந்தைய கிராமத்துக் கொலைச் செய்தி. கடிபட்ட இரண்டு பேரின் பெயர்தான் இல்லை, அதை உங்கள் துப்பறிவாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

நாய் ஓடிப்போய் ஒருவன் முன்னால் நின்று குரைக்கிறது. அவன்தான் கொலைகாரன். இதைக் கோர்ட் ஒத்துக்கொள்ளுமா? – வாசகர், தென்காசி

இந்தத் தலைப்பில் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1969-ல் மகாராஷ்டிரத்தில் ரயில் தண்டவாள நாசவேலை வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. மோப்ப நாயின் சாட்சியத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆட்சேபங்களை அதில் எடுத்துப் பேசினார்கள். நாய் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்லப்போவதில்லை. அது என்ன 'சொன்னது' என்று அதைப் பிடித்திருந்தவர்தான் சொல்கிறார், அப்படியானால் அது ஒருவர் சொல்லக் கேட்டது. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதைவிட முக்கியம், ஒரு மனிதனின் உயிரும் சுதந்திரமும் ஒரு நாய் போட்ட ஊகத்தைப் பொறுத்து இருக்கலாமா? இந்த மாதிரி சாட்சியத்துக்குப் பெரிய கனம் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2001-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் மறுபடியும் அதே கேள்வி வந்தது. விசாரிக்கிற போலீஸ் நாயின் உதவியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், நீதிமன்றம் அதை ரொம்பப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்கிற பாங்கில்தான் அப்போதும் தீர்ப்பு வந்தது.

ஆகவே தென்காசிக்காரரே, உங்கள் நாய் குரைத்த ஆள் அடுத்த வாரம் ஊருக்குத் திரும்பி வந்து அதே டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். நாய்க்கு அவன் மடியில் இருந்த கறிவாசனைகூடப் பிடித்திருக்கலாம் என்று அவன் வக்கீல் சொல்லியிருப்பார்.

இதற்கு நேர் எதிராக இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் 1876-ல் நடந்ததைப் பாருங்கள். ஒரு சிறுமியைக் கொன்ற வழக்கு. போலீஸுக்கு ஒரு முடிதிருத்துபவர் மேல் சந்தேகம், அவர் கடையைத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் வெளியார் ஒருவருக்குச் சொந்தமான மோர்கன் என்ற நாயைக் கொண்டுவந்து உள்ளே விட்டார்கள். போலீஸ் நாய் கிடையாது, வீட்டு நாய். அது அடுப்புப் பக்கம் போய் நின்று ரகளை செய்தது. புகைபோக்கிக்குள் கையை விட்டால் குழந்தையின் உடல் எச்சங்கள். அந்த ஆள் குற்றத்தை ஒத்துக்கொண்டான், தூக்கில் போட்டார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் புரிகிறதா? நாய் ஆளைக் காட்டினால் அது நாயின் அபிப்பிராயம். பொருளைக் காட்டினால், கண்டெடுத்த பிறகு நாயை மறந்துவிடலாம், பொருள் தானாகப் பேசும். கத்தியில் ரத்தம் இருக்கிறதா, யாருடைய ரத்தம், யார் கைரேகை என்று பரிசோதனைக்கூடம் சொல்லிவிடும். நாயை யாரும் கூண்டில் ஏறச் சொல்லப்போவதில்லை. கம்பம் வாசகருக்குச் சொன்ன அந்த வேறு வேலை இதுதான். பதினாறு நாள் கழித்தும், புதைத்த வேட்டியையும் ரத்தம் குடித்த மண்ணையும் பழக்கப்பட்ட நாயால் கண்டுபிடிக்க முடியும்.

அப்படியானால் நாய் அரிவாளைக் கண்டுபிடிக்கிறது, துப்பறிவாளர் கைக்குட்டையால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைக்கிறார். – அதே தென்காசி வாசகர், இரண்டாவது கடிதம்

ஐயோ, தொடக்கூடாது. எடுத்தார் என்றால் வழக்கைக் கெடுத்தார். எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது, இவரே கொண்டுவந்து போட்டாரா என்று ஆயிரம் கேள்வி வரும். நாயைப் பக்கத்துப் புளியமரத்தில் கட்டிவிட்டு, யாரையும் கிட்டே விடாமல், ஸ்டேஷனுக்குப் போன் போட்டு நிற்க வேண்டும். போலீஸ் வந்து, விஏஓவும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்துப் போட, கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி எடுத்தால்தான் அது தடயம். இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருக்கும் அந்தக் காட்சியை யாரும் எழுதுவதில்லை. சுற்றிலும் ஊர் கூடி நிற்கும்போது யார் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

கொலை செய்தவர்கள் ஏன் 'விஏஓ முன்னிலையில் சரணடைந்து வாக்குமூலம்' கொடுக்கிறார்கள்? என் கதையில் துப்பறிவாளரிடமே ஒப்புக்கொள்ளலாமா? – வாசகி, விளாத்திகுளம்

போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பது 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. புதிய சட்டத்தில் அது 23. விஏஓ போலீஸ் இல்லை, அரசு ஊழியர், எழுதத் தெரிந்தவர், கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வருவார். அதனால் தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் மனச்சாட்சி உறுத்திய குற்றவாளிகள் எல்லாரும் என்ன மாயமோ நேராக விஏஓ ஆபீஸுக்கே போகிறார்கள்! நீதிமன்றங்களுக்கும் இது தெரியும். அறிமுகமே இல்லாத அலுவலரிடம் போய் ஏன் மனசைத் திறந்தான் என்று கேட்டு, நம்பும்படியான பதில் இல்லாத வழக்குகளில் ஒதுக்கித் தள்ளியிருக்கின்றன.

அதே கேள்வி உங்கள் துப்பறிவாளருக்கும் வரும். அவரும் போலீஸ் இல்லை, அதனால் அவரிடம் சொன்னது செல்லும், ஆனால் பலவீனமான சாட்சியம். கடைசிக் காட்சியில் எல்லாரையும் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து, நாய் பல்லைக் காட்டி உறும, கொலைகாரன் கதறி ஒப்புக்கொண்டான் என்று எழுதினால், நாயை ஏவி மிரட்டி வாங்கியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கொலைகாரனுக்கும் துப்பறிவாளருக்கும் நடுவில் கதை முழுக்க ஒரு பழக்கம் வளரட்டும். சாயங்காலம் நாய்க்கு பிஸ்கட் போட வருகிற ஆளாகவே அவன் இருக்கட்டுமே.

தனியார் துப்பறிவாளருக்கு லைசென்ஸ் உண்டா? – வாசகர், ஈரோடு

தனிச் சட்டம் கிடையாது. 2005-ல் வந்தது செக்யூரிட்டி காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கான சட்டம். துப்பறியும் நிறுவனங்களுக்கென்று 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை. அவர்களுடைய பிழைப்பு பெரும்பாலும் கல்யாணத்துக்கு முந்தைய விசாரணை, விவாகரத்து, கம்பெனிக்குள் நடக்கும் திருட்டு. கொலைக்குக் கூப்பிடுவது அபூர்வம். கைது செய்யும் அதிகாரம் உங்களுக்கும் எனக்கும் உள்ள அளவுதான்: ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் கண் எதிரே நடந்தால் பிடிக்கலாம், 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

இன்னொன்று. "நண்பர் ஒருவர் மூலம் செல்போன் அழைப்புப் பட்டியலை வாங்கினார்" என்று எல்லாத் தொடர்கதையிலும் வருகிறது. அது குற்றம். 2018-ல் மகாராஷ்டிரத்தில் தானே போலீஸ் இதற்காகவே தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது.

பிணத்தைக் கிணற்றில் போட்டுவிட்டால் தண்ணீரில் விழுந்து செத்ததாகத்தானே ஆகும்? (கதைக்காகத்தான் கேட்கிறேன்!) – வாசகர், ஒட்டன்சத்திரம்

அந்த ஆச்சரியக்குறி என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறது.

ஆகாது. மூச்சு இருக்கும்போது தண்ணீரில் விழுந்தவர் நுரையீரலுக்குள் நீரை இழுப்பார், வாயிலும் மூக்கிலும் மெல்லிய நுரை தள்ளும், சிலர் கையில் பாசியையோ செடியையோ இறுகப் பிடித்தபடியே இருப்பார்கள். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் என்ற பாசிகள் இருக்கின்றன. இதயம் துடித்துக்கொண்டிருந்தால்தான் அவை ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜை வரை போய்ச் சேரும். ஒத்துப் பார்க்க அந்தக் கிணற்றுத் தண்ணீரிலும் மாதிரி எடுக்க வேண்டும், அதை எடுக்க மறந்துவிட்டார்கள் என்பதே ஒரு திருப்பமாகலாம்.

கிணறு என்றால் பாதாளக் கரண்டியை விட்டுவிடாதீர்கள். வாளி விழுந்தால் எடுக்க, கொக்கி கொக்கியாக இரும்பில் செய்தது, முன்பெல்லாம் தெருவில் ஒரு வீட்டில் இருக்கும், எல்லாரும் இரவல் வாங்குவார்கள். தீயணைப்பு வீரர்கள் உடலை எடுத்துப் போனபின் ஒரு வாரம் கழித்துத் துப்பறிவாளர் இரவல் கேட்கப் போக, "போன வாரமே ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரே, இன்னும் திருப்பித் தரல" என்று அந்த வீட்டம்மா சொல்ல வேண்டும்.

நம் கிராமத்தில் யார் கொன்றது என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். இதில் மர்மம் எங்கே? – வாசகி, நாங்குநேரி

நூற்றுக்கு நூறு சரி. உங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுகளில் கொலையுண்டு தெய்வமானவர்கள் எத்தனை பேர்! செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பெண் எடுத்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட முத்துப்பட்டன் கதையில் யார் கொன்றார்கள் என்பதை யாரும் மூடி மறைப்பதில்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் அவனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறார்கள். நம் கிராமத்துக் கதையில் 'யார்' என்பது மர்மம் இல்லை, யார் வாயைத் திறப்பார்கள் என்பதுதான். சாட்சி சொன்னவர் அதே தெருவில் நாளைக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டுமே.

கிராமத்துக் கொலையில் தோற்றுப்போன துப்பறிவாளர் உண்டா? ஜெயித்தவர் கதை அலுத்துவிட்டது. – வாசகர், காரைக்கால்

ஜாக் விச்சர். லண்டன் ஸ்காட்லாந்து யார்டின் முதல் துப்பறிவாளர்களில் ஒருவர். 1860-ல் ரோடு என்ற ஆங்கிலக் கிராமத்துப் பெரிய வீட்டில் நாலு வயதுகூட நிரம்பாத பையன் கொல்லப்பட்டுக் கழிப்பிடத்தில் கிடந்தான். உள்ளூர் போலீஸ் இரண்டு வாரம் சொதப்பிய பிறகு இவரை அனுப்பினார்கள். வீட்டில் ஒரு இரவு உடுப்பு கணக்கில் குறைகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, பையனின் அப்பாவுக்கு மூத்த தாரத்தில் பிறந்த அக்கா, 16 வயது கான்ஸ்டன்ஸ்தான் என்று சொல்லிவிட்டார். உடுப்பு கிடைக்கவில்லை. உடுப்பு இல்லாமல் வழக்கும் இல்லை. கூலி வேலைக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவன் கனவான் வீட்டுப் பெண்ணைக் கொலைகாரி என்பதா என்று ஊரும் பத்திரிகைகளும் அவரைக் கிழித்தன. 1864-ல் வேலையை விட்டார். அடுத்த வருடமே அந்தப் பெண் தானாக வந்து ஒப்புக்கொண்டாள். விச்சர் பிற்பாடு தனியார் விசாரணைகள் செய்து பிழைத்தார். அவரிடம் மட்டும் ஒரு நல்ல நாய் இருந்திருந்தால் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இது கதை இல்லை. எங்கள் உறவினர் தூக்கில் தொங்கினார் என்று முடித்துவிட்டார்கள், எங்களுக்குச் சந்தேகம். தனியார் துப்பறிவாளரை வைக்கலாமா? – ஊர் வேண்டாம்

வைக்கத் தடையில்லை, ஆனால் முதல் காசை நல்ல கிரிமினல் வக்கீலுக்குச் செலவழியுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலுக்கு மனுப் போடுங்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை என்றால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து விசாரிக்க உத்தரவு வாங்க வழியிருக்கிறது. விசாரணையை வேறு பிரிவுக்கு மாற்ற உயர் நீதிமன்றம் போகலாம். அவருடைய போன், உடைகள், கடைசியாக எழுதியது எதையும் துவைக்காமல், துடைக்காமல், உறவுக்காரர்கள் கையில் கொடுக்காமல் வையுங்கள். தூக்குக்கும் கழுத்தை இறுக்கியதற்கும் கழுத்துத் தடம் பொதுவாக வேறு மாதிரி இருக்கும், அறிக்கையில் அந்தத் தடத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வக்கீலை ஒரு தடய மருத்துவ நிபுணரிடம் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியில் நாயைக் கொன்றுவிடலாமா? கண்ணீர் வரும். – வாசகி, கம்பைநல்லூர்

கடைசியில் வேண்டாம், முதலிலேயே கொல்லுங்கள். துப்பறிவாளரின் நாயை இல்லை, செத்தவர் வீட்டு நாயை. கொலைக்கு இரண்டு நாள் முன்னால் அது தோட்டத்தில் செத்துக் கிடந்தது, பாம்பு கடித்திருக்கும் என்று புதைத்துவிட்டார்கள். துப்பறிவாளர் அந்த இடத்தைத் தோண்டச் சொல்லட்டும். விலங்கைக் கொல்வது இப்போதைய சட்டத்தில் 5 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம். போலீஸ் கேட்டுக்கொண்டால் கால்நடை மருத்துவர் பரிசோதித்து, உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பி, கோர்ட்டில் வந்து சாட்சியும் சொல்வார். அவரைத் தாராளமாகக் குறுக்கு விசாரணை செய்யலாம்.